கிட்னி வெச்சாச்சு, அப்புறம்?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம்னு ஓடிடாதீங்க. சண்டை போடத்தான் வந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். காப்பியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல பாராட்ட வேண்டியதைப் பாராட்டிடறேன். உறுப்பு தானம்னு வந்தா தமிழ்நாட்டுக்காரங்க தாராளமா நெஞ்சை நிமிர்த்திக்கலாம். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தது ஊரையே உலுக்கியது. அதே 2008-ல்தான் இங்கே மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கு ஒழுங்கான அரசுத் திட்டம் ஒன்று வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கும்னு அறிவிச்சாங்க. 2024-ல் மட்டும் 268 குடும்பங்கள், அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இந்தியா முழுக்க எடுத்துக்கிட்டா, 2023-ல் கிட்னி மாற்று மட்டுமே 13 ஆயிரத்துக்கும் மேல.

என் சண்டை இதோட இல்லீங்க. இதுக்கு அடுத்த நாளோட.

ஆபரேஷன் முடிஞ்சதும் பேப்பர்ல படம் வரும். நடுவுல நோயாளி முகமூடியோட உட்கார்ந்திருப்பார், சுத்தி டாக்டர்கள், கையில பொக்கே. "மறுவாழ்வு பெற்றார்"னு தலைப்பு. சினிமாவிலும் அப்படித்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சிவப்பு விளக்கு அணையும், டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு "பொழைச்சிட்டார்"னு சொல்வார், வணக்கம் போட்டுடுவாங்க. அந்த மனுஷன் வீட்டுக்குப் போன பிறகு அடுத்த ஒரு வருஷம் என்ன பாடு படறார்னு எந்தப் பேப்பரும் போடறதில்லை. அந்தப் பாட்டுல பெரும்பங்கு வைரஸ்களால வர்றது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

*

விஷயம் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் பாடம். தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாண்டிக்கலாம்.

நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்காரர் இருக்கார். வெளியாள் யார் வந்தாலும் அடிச்சு விரட்டறதுதான் அவர் வேலை. புதுசா வெச்ச கிட்னியும் அவருக்கு வெளியாள்தான். பெத்த தாயே கொடுத்திருந்தாலும் அவருக்கு அது புரியாது. அதனால டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ஸ்டீராய்டுன்னு மூணு மருந்து கொடுத்து அந்தக் காவல்காரரைப் பாதித் தூக்கத்திலேயே வெச்சிருக்காங்க. கிட்னி வேலை செய்யற வரைக்கும் தினமும் சாப்பிட்டே ஆகணும். ஆபரேஷன் சமயத்தில் இதைவிடப் பலமான ஊசியும் சிலருக்குப் போடறாங்க.

காவல்காரர் தூங்கினா என்ன ஆகும்? வெளியிலேர்ந்து திருடன் வர்றது ஒரு பக்கம். அதைவிட மோசம், வீட்டுக்குள்ளேயே பரண்ல ஒளிஞ்சிருந்த திருடன் இறங்கி வர்றது. சைட்டோமெகலோ வைரஸ்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா சி.எம்.வி. சின்னம்மை வைரஸுக்குச் சொந்தக்காரன், ஒரே குடும்பம். நம்ம நாட்டுல பெரியவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல உடம்புல இது இருக்கு. உங்களுக்கும் எனக்கும் இருக்கலாம். சின்ன வயசுல சாதாரணக் காய்ச்சலா வந்துட்டு, அப்புறம் ஆயுசுக்கும் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கிட்னி மாத்தினவருக்கு அது எழுந்துக்கிச்சுன்னா காய்ச்சல், அசதி, வெள்ளை அணுக்கள் குறையறது, நிக்காத பேதி, நுரையீரல், குடல்னு எங்க வேணா போகும். உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்கிற ஆபத்தையும் கூட்டும்.

அடுத்தது பி.கே. வைரஸ். பேரே ஒரு கதை. 1971-ல் லண்டனில், கிட்னி மாத்திக்கிட்ட ஒரு சூடான் நாட்டுக்காரரோட சிறுநீர்ல இதைக் கண்டுபிடிச்சாங்க. அவரோட பேரின் முதலெழுத்துகளையே வைரஸுக்குப் பேரா வெச்சாங்க. வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்ததும் அதே 1971-ல்தான். கிட்னி மாற்று நம்ம நாட்டுக்கு எவ்வளவு பழசோ, இந்த வைரஸ் பத்தின அறிவும் அவ்வளவு பழசு. "புதுசா வந்த வியாதிங்க, எங்களுக்கே இப்பத்தான் தெரியும்"னு யாரும் சொல்ல முடியாது.

இந்த பி.கே. குடியிருக்கறதே கிட்னியிலயும் சிறுநீர்ப் பாதையிலயும்தான். காவல் குறைஞ்சதும் முதல்ல சிறுநீர்ல தெரியும். சில வாரம் கழிச்சு ரத்தத்துல தெரியும். அதுக்கும் அப்புறம்தான் கிட்னியின் சதையையே அரிக்க ஆரம்பிக்கும். வலி இருக்காது. பெரும்பாலும் காய்ச்சலும் இருக்காது. இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. முதல்ல சிறுநீர், அப்புறம் ரத்தம், கடைசியா கிட்னி. சண்டையே இதுலதான் இருக்கு.

*

என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கிட்னி கொடுத்தது அண்ணி. (நம்ம நாட்டுல உயிரோட இருந்து கிட்னி கொடுக்கறவங்கள்ல பெரும்பாலோர் பெண்கள்தான். மனைவி, அம்மா, அக்கா. அதைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடணும்.) எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்லை, கேக்காதீங்க. ஒரு ஆஸ்பத்திரியைத் திட்டறதுக்காக எழுதலை.

ஆபரேஷன் அருமையா நடந்தது. அதுல ஒரு குறையும் இல்லை. கிரியேட்டினின் 1.2-க்கு வந்து நின்னுது. அஞ்சாவது மாசம் வழக்கமான ரத்தப் பரிசோதனையில 1.9. உடனே அட்மிஷன். "ரிஜெக்‌ஷன் மாதிரி இருக்கு"ன்னு மூணு நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. இறங்கலை. 2.6 ஆயிடுச்சு. அப்புறம்தான் ஊசியால சதை எடுத்துப் பார்த்தாங்க. ரிஜெக்‌ஷன் இல்லை, பி.கே. வைரஸ். அதாவது பாதித் தூக்கத்துல இருந்த காவல்காரருக்கு மேல ஒரு டோஸ் மயக்க மருந்து கொடுத்து மூணு நாள் முழுசாத் தூங்க வெச்சிருக்காங்க. திருடனுக்கு வேற என்ன வேணும்?

மருந்தைக் குறைச்சாங்க. வைரஸ் மெல்ல அடங்கிச்சு. கிரியேட்டினின் 2.1-ல் வந்து நின்னது நின்னதுதான். போன கிட்னிச் சதை போனதுதான், திரும்ப வளராது. அண்ணி கொடுத்ததுல பாதியை அஞ்சு மாசத்துல வைரஸ் தின்னுட்டுப் போயிடுச்சுன்னு அண்ணன் சொல்றப்ப சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். அண்ணி அந்த இடத்துல இருக்க மாட்டாங்க, எழுந்து உள்ள போயிடுவாங்க.

அங்கிருந்த ஒருத்தர்கிட்ட கேட்டேன். "இந்த வைரஸ் டெஸ்ட்டை முதல் மாசத்துலேர்ந்தே எடுத்திருக்கலாமே சார்?" அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வெச்சது. "எல்லாருக்கும் ரொட்டீனா எடுக்கறதில்லைங்க. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா. பாவம், பேஷன்ட்டுக்குச் செலவு."

பாவமாம்! இந்தப் பாவம் பார்க்கற குணம் இருக்கே, அதைத்தான் நான் எதிர்க்கறேன். மூணு நாள் ஊசிக்கும், பத்து நாள் பெட்டுக்கும், பயாப்சிக்கும் பில் போடறப்ப அந்தப் பாவம் எங்க போச்சு?

*

சரி, உணர்ச்சி போதும். கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைச்ச எதிர்வாதங்கள் நாலு. ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

"செலவு கட்டுப்படியாகாது."

2009-ல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. என்கிற உலக அளவிலான வழிகாட்டுதல் என்ன சொல்லுதுன்னா, முதல் மூணிலிருந்து ஆறு மாசம் வரை மாசம் ஒரு தடவை, அப்புறம் வருஷக் கடைசி வரை மூணு மாசத்துக்கு ஒரு தடவை பி.கே. வைரஸைப் பாருங்கன்னு. மொத்தம் ஆறிலிருந்து எட்டு தடவை. அண்ணன் கொடுத்த விலையிலேயே போட்டாலும் 33 ஆயிரத்திலிருந்து 44 ஆயிரம் ரூபாய். 2024-ல் வந்த பன்னாட்டு நிபுணர்களின் புது வழிகாட்டுதல் இன்னும் கறார். ஒன்பது மாசம் வரை மாசாமாசம், அப்புறம் ரெண்டு வருஷம் முடியற வரை மூணு மாசத்துக்கு ஒண்ணு. அது 14 தடவை, 77 ஆயிரம்.

பெரிய காசுதான். இல்லைங்கலை. இப்ப எதிர்ப் பக்கம் பாருங்க. கிட்னி போயிட்டா திரும்ப டயாலிசிஸ். வாரம் மூணு தடவை, வருஷத்துக்கு 156. தடவைக்கு 1,500 ரூபாய்னே வைங்க. வருஷத்துக்கு 2 லட்சத்து 34 ஆயிரம். வருஷா வருஷம். அந்தச் செலவை அரசாங்கம் கொடுத்தாலும் சரி, குடும்பம் கொடுத்தாலும் சரி, யாரோ ஒருத்தர் கொடுத்தே ஆகணும். ஆட்டோ, கூட வர்றவரோட போன கூலி, இதெல்லாம் கணக்குலயே வரலை. இதுல இன்னொரு கிட்னிக்காக வரிசையில நிக்கறதை எந்தக் கணக்குல எழுதறது?

ஆயிரம் பேர் வரிசையில நிக்கறப்ப கிடைச்ச ஒரு கிட்னியை, ஐயாயிரம் ரூபாய் டெஸ்ட் எடுக்காம இழக்கறது சிக்கனமாங்க?

"வசதி இல்லை. பெரிய ஊர் லேப்ல மட்டும்தான் பண்ணுவாங்க."

இதைக் கேட்டா எனக்குச் சிரிப்புத்தான் வருது. பி.சி.ஆர். அப்படிங்கற வார்த்தையே நமக்கெல்லாம் எப்பத் தெரிஞ்சுது? 2020-ல். அதுக்கு முன்னாடி அது படிச்சவங்க பாஷை. 2020 மார்ச்ல தனியார் லேப்ல கொரோனா பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு மத்திய அரசு வெச்ச உச்ச வரம்பு 4,500 ரூபாய். ஒரு வருஷம் கழிச்சு அதே டெஸ்ட் ஆயிரத்துக்குள்ள வந்துச்சு. எப்படி வந்துச்சு? அரசாங்கம் மொத்தமா வாங்கிச்சு, விலையைக் கட்டுப்படுத்திச்சு, மாவட்டத்துக்கு மாவட்டம் லேப் போட்டுச்சு. அந்த மெஷின்கள் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரிகள்ல இருக்கு. கொரோனா அளவுக்கு இப்ப அதுங்களுக்கு வேலை கிடையாது. பி.கே.வுக்கும் சி.எம்.வி.க்கும் கிட் வேற, பயிற்சி கொஞ்சம் வேணும், தரம் சரிபார்க்கணும். ஒத்துக்கறேன். ஆனா மெஷின் வேற்றுக்கிரகத்துலேர்ந்து வர வேண்டியதில்லை. துணியை எடுத்துத் தூசி தட்டினாப் போதும்.

"கிரியேட்டினின்தான் மாசாமாசம் பார்க்கறோமே."

வரிசையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் பாருங்க. சிறுநீர், ரத்தம், கிட்னி. கிரியேட்டினின் ஏறுதுன்னா மூணாவது கட்டத்துக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். வீடு எரிய ஆரம்பிச்ச பிறகு அடிக்கற மணி அது. அதோட இன்னொரு சிக்கல். கிரியேட்டினின் ரிஜெக்‌ஷன்லயும் ஏறும், பி.கே.யிலயும் ஏறும். ஒண்ணுக்கு மருந்தைக் கூட்டணும், இன்னொண்ணுக்குக் குறைக்கணும். நேர் எதிர். எதுன்னு தெரியாம மருந்தைக் கூட்டறது காசு சுண்டிப் பார்க்கற மாதிரி. எங்க அண்ணனுக்குத் தலை கேட்டப்ப பூ விழுந்துச்சு, அவ்வளவுதான்.

"பி.கே.வுக்கு மருந்தே இல்லையே, அப்புறம் டெஸ்ட் எதுக்கு?"

இது கேக்கறதுக்குப் புத்திசாலித்தனமாத் தெரியும். அந்த வைரஸைக் கொல்றதுக்குன்னு அங்கீகரிச்ச மருந்து எதுவும் இல்லைங்கறது உண்மை. ஆனா வைத்தியம் இருக்கு. ரத்தத்துல வைரஸ் ஏறுறப்பவே, கிட்னி கெடறதுக்கு முன்னாடியே, எதிர்ப்பைக் குறைக்கற மாத்திரைகளைக் கவனமாக் கொஞ்சம் குறைச்சா போதும், பல பேருக்கு உடம்பே வைரஸை அடக்கிடும். இந்த வைத்தியத்தோட விலை என்ன தெரியுமா? மைனஸ்ல! மாத்திரை குறையுது இல்லையா, காசு மிச்சம். நேரத்துக்குத் தெரிஞ்சுக்கறதுதான் இங்க வைத்தியமே. (இதைப் படிச்சுட்டு யாரும் நீங்களா மாத்திரையைக் குறைச்சுடாதீங்க சாமி. அது கிட்னியைக் கொன்னுடும். டாக்டர் அளவு பார்த்துக் குறைக்கணும்.)

*

சி.எம்.வி. கதை வேற மாதிரி. அதுக்கு மாத்திரை இருக்கு. வால்கான்சிக்ளோவிர். ஆபரேஷனுக்குப் பிறகு குறைஞ்சது மூணு மாசம் முன்னெச்சரிக்கையாச் சாப்பிடணும், ஆபத்து ரொம்ப அதிகமா இருக்கறவங்களுக்கு ஆறு மாசம். அண்ணனுக்கு மூணு மாசம் கொடுத்தாங்க. தினம் ஒரு மாத்திரை. அவர் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு அதுக்கே போச்சு. மத்த மாத்திரைகள் தனி.

இந்த மாத்திரை இவ்வளவு விலைக்காவது கிடைக்கறதுக்குப் பின்னாடி ஒரு சென்னைக் கதை இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 2007-ல் இந்த மருந்துக்கு ரோஷ் கம்பெனிக்குச் சென்னை காப்புரிமை அலுவலகம் காப்புரிமை கொடுத்துச்சு. எதிர்த்து மனு போட்டவங்க யார் தெரியுமா? எச்.ஐ.வி.யோட வாழறவங்களோட அமைப்புகள். தமிழ்நாட்டு அமைப்பும் அதுல ஒண்ணு. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இதே சி.எம்.வி. கண்ணைப் பறிச்சுடும், அதனால அவங்களுக்கும் இந்த மாத்திரை உயிர்நாடி. அப்ப அந்தக் கம்பெனி மாத்திரை ஒண்ணோட விலை சுமார் ஆயிரம் ரூபாய். அவங்க எதிர்ப்பைச் சரியாக் கேக்காமலே காப்புரிமை கொடுத்துட்டாங்கன்னு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2008-ல் கோர்ட், அவங்க வாதத்தைக் கேளுங்கன்னு சொல்லிச்சு. 2010-ல் காப்புரிமையே ரத்தாச்சு. அதுக்குள்ளயே இந்தியக் கம்பெனி ஒண்ணு சுமார் நாலுல ஒரு பங்கு விலைக்கு மாத்திரையைக் கொண்டு வந்திருந்துச்சு.

இன்னிக்குக் கிட்னி மாத்தின ஒவ்வொருத்தரும் அந்த மாத்திரையை முழுங்கறப்ப, முகம் தெரியாத அந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஒரு நன்றி சொல்லணும். ஊரே ஒதுக்கி வெச்சிருந்த ஜனங்க, சங்கமாச் சேர்ந்து ஜெயிச்சாங்க. கிட்னிக்காரங்க அப்படி ஒண்ணு சேர்ந்து குரல் கொடுத்து நான் பார்க்கலை. அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. கூட்டத்துக்குப் போகக்கூடாதுன்னுதான் டாக்டரே சொல்லி அனுப்பறார்!

அரசாங்கம் மனசு வெச்சா நடக்கும்கறதுக்கு இன்னொரு சாட்சி, மஞ்சள் காமாலை சி வைரஸ். டயாலிசிஸ் மெஷின் மூலமாவே ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் தொத்திக்கிட்டு, கிட்னி மாத்தினவங்களைப் பல வருஷம் வாட்டி எடுத்த வைரஸ் அது. பழைய வைத்தியமான இன்டர்ஃபெரான் ஊசி போட்டா புதுக் கிட்னியையே உடம்பு நிராகரிக்கற ஆபத்து. அப்புறம் சோஃபோஸ்புவிர் மாதிரி மாத்திரைகள் வந்துச்சு. 2015-ல் இந்தியக் கம்பெனிகளே தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 2018 ஜூலையில் தேசியத் திட்டம் போட்டு டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம்னு அறிவிச்சாங்க. மூணு மாசம் மாத்திரை, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குக் குணம். ஒரு வைரஸுக்குப் பண்ண முடிஞ்சதை இன்னும் ரெண்டு வைரஸுக்குப் பண்ண முடியாதா?

*

இப்ப அரசாங்கத்தை விட்டுட்டு நம்ம பக்கம் திரும்பறேன். நம்ம ஜனங்களையும் ஒரு கை பார்க்கணும்.

கொரோனாவுக்குப் பிறகு ஊர்ல எதை எடுத்தாலும் "எதிர்ப்பு சக்தி". பொடி, லேகியம், கஷாயம், பிஸ்கட்டுல கூட எதிர்ப்பு சக்தி. அண்ணனைப் பார்க்க வர்ற சொந்தக்காரங்க பத்துல எட்டு பேர் கையில ஒரு டப்பா. "தம்பி, இதைக் காலையில வெறும் வயித்துல சாப்பிடு, எதிர்ப்பு சக்தி பிச்சுக்கிட்டு ஏறும்." ஐயா, அது ஏறக்கூடாதுன்னுதான் அந்த மனுஷன் மாசம் பல ஆயிரம் செலவு பண்ணி மாத்திரை சாப்பிடறார்! பொடி வேலை செய்யலைன்னா காசு தண்டம். வேலை செஞ்சுதுன்னா கிட்னி தண்டம். ரெண்டுல எது உங்களுக்கு வேணும்?

சாதாரணப் பழம் கூட இங்க சாதாரணம் இல்லை. பம்ப்ளிமாஸ் வகைப் பழம் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்துல ஏத்தி விட்டுடும். கொரோனாவுக்குக் கொடுத்த பாக்ஸ்லோவிட் மாத்திரை அதே டாக்ரோலிமஸை விஷ அளவுக்குக் கொண்டு போயிடும். மெடிக்கல் ஷாப்ல "காய்ச்சல், உடம்பு வலி"ன்னு சொல்லி வாங்கற வலி மாத்திரை கிட்னியை நேரடியா அடிக்கும். அதனால இவங்களுக்கு "சும்மா வைரல் ஃபீவர்தான்"னு ஒண்ணு கிடையாது. காய்ச்சல்னா அன்னிக்கே அவங்க டாக்டருக்குப் போன். நாளைக்குப் பார்க்கலாம்கற பேச்சே கூடாது.

அம்மை போட்ட வீட்டுக்கு இவங்க போயிட்டு வந்துட்டாங்கன்னா, வேப்பிலை கட்டுங்க, மாரியாத்தாளைக் கும்பிடுங்க, நான் வேண்டாங்கலை. ஆனா அதே நாள் ஆஸ்பத்திரிக்கும் சொல்லிடுங்க. கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி தடுக்கறதுக்கு வழி இருக்கு, அதுக்குச் சில நாள்தான் அவகாசம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.

தடுப்பூசி விஷயத்துல ஆஸ்பத்திரி, குடும்பம் ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு. சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸ்ல செஞ்சது. ஆபரேஷனுக்குக் குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே போட்டாகணும், அப்புறம் போடவே கூடாது. மஞ்சள் காமாலை பி ஊசி டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு ரெட்டை அளவுல, நாலு தடவை போடணும். டயாலிசிஸ்ல மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்காங்களே, அப்பத்தானே நேரம்? அந்தக் கதவு ஆபரேஷன் அன்னிக்கு மூடிடுது. நம்ம ஊர்ல தடுப்பூசின்னா குழந்தைக்குன்னு ஒரு நினைப்பு. நாப்பத்தஞ்சு வயசு ஆளுக்கு யார் ஞாபகப்படுத்தறாங்க?

கொரோனா சமயத்துல நடந்ததை மறக்கவே கூடாது. இந்தியாவுல பல மையங்கள் சேர்ந்து, கொரோனா வந்த கிட்னி மாற்று நோயாளிகள் 250 பேரைப் பார்த்ததுல, நூத்துக்குப் பதினோரு பேருக்கு மேல இறந்திருந்தாங்க. தடுப்பூசியும் இவங்களுக்குச் சரியா ஏறலை. 2021-ல் அமெரிக்காவுல உறுப்பு மாத்தினவங்க 658 பேரைப் பார்த்தப்ப, ரெண்டு டோஸுக்குப் பிறகும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எதிர்ப்பணுவே உருவாகலை. அதே ஆகஸ்ட்ல அங்க இவங்களுக்கு மூணாவது டோஸ் அனுமதிச்சாங்க. இங்க? 2022 ஜனவரியில் "முன்னெச்சரிக்கை டோஸ்" வந்தப்ப வரிசையில சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், அறுபது வயசுக்கு மேல இணை நோய் உள்ளவங்க. முப்பத்தஞ்சு வயசுல கிட்னி மாத்தினவர் அந்தப் பட்டியல்லயே இல்லை! ஏப்ரல் மாசம் எல்லாருக்கும் காசுக்குத் திறந்து விட்டப்பத்தான் அவருக்கும் கிடைச்சுது. ஊர்லயே யாருக்கு முதல்ல தேவையோ அவங்களைக் கூட்டத்தோட கூட்டமா நிக்க வெச்சோம். யாரும் வேணும்னு பண்ணலை. அவங்க இருக்கறதே யாருக்கும் ஞாபகம் வரலை, அவ்வளவுதான். ஞாபகம் வராததைத்தான் நான் பெரிய குத்தம்ங்கறேன்.

*

சரி, என்னதான் வேணும்கற? கேக்கறது நியாயம். நாலே நாலு.

ஒண்ணு, கிட்னி மாற்றுக்கு அரசாங்கமோ காப்பீடோ காசு கொடுக்குதுன்னா, முதல் ரெண்டு வருஷத்து பி.கே., சி.எம்.வி. பரிசோதனைகளும் அந்தக் காசுக்குள்ளயே அடங்கணும். தனி பில், தனி விண்ணப்பம், தனி கையெழுத்து எதுவும் வேண்டாம். தையல் பிரிக்கறதுக்குத் தனியாவா காசு வாங்கறாங்க?

ரெண்டு, கொரோனாவுக்கு வாங்கின பி.சி.ஆர். மெஷின்கள்ல இந்த ரெண்டு டெஸ்ட்டையும் மண்டலத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரியிலாவது ஆரம்பிக்கணும். ரிசல்ட் ஒரு வாரத்துக்குள்ள வரணும். மூணு வாரம் கழிச்சு வர்ற ரிசல்ட் சரித்திரப் பாடம்.

மூணு, அரசு ஆஸ்பத்திரிகள்ல எதிர்ப்பைக் குறைக்கற மாத்திரைகளை இலவசமாக் கொடுக்கறாங்க, ரொம்ப நல்ல விஷயம். காவல்காரரைத் தூங்க வெக்கற மருந்து இலவசம்னா, அவர் தூங்கறப்ப வீட்டைப் பூட்டற வால்கான்சிக்ளோவிரும் கூடவே, எல்லாருக்கும், தடையில்லாம கிடைக்கணும். ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணை வெளியில வாங்கச் சொல்றது அரைக் கிணறு தாண்டற வேலை.

நாலு, டயாலிசிஸ்ல உட்கார்ற முதல் மாசமே தடுப்பூசி அட்டை ஒண்ணு போட்டுக் கையில கொடுங்க. குழந்தைக்குக் கொடுக்கற மாதிரியே. அது நிரம்பாம கிட்னி வரிசையில பேர் ஏத்தாதீங்கன்னு சொல்லலை. ஆனா அந்த அட்டையை யாராவது ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்க்கணும்.

டாக்டர்களை எதிரியாப் பார்க்கற ஆள் நான் இல்லை. பத்து பேர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒருத்தர் பார்க்கறார், தெரியும். அண்ணனுக்கு இன்னிக்கு மிச்சமிருக்கற கிட்னியைக் காப்பாத்திக் கொடுத்ததும் அவங்கதான். என் கோபமெல்லாம், செலவுன்னு நோயாளிக்காகத் தானே முடிவெடுத்து, டெஸ்ட்டைப் பத்தி அவர்கிட்டச் சொல்லாமலே விட்டுடற வழக்கத்து மேலதான். சொல்லுங்க ஐயா. "இப்படி ஒரு டெஸ்ட் இருக்கு, இவ்வளவு ஆகும், எடுக்கலைன்னா இதுதான் ஆபத்து." கிட்னியையே கழட்டிக் கொடுத்த பொம்பளைக்கு, தாலிக்கொடியைக் கழட்டிக் கொடுக்கத் தெரியாதா? அவ கழட்டக் கூடாதுங்கறதுதான் என் ஆசை. ஆனா முடிவு அவளுதா இருக்கணும்.

உறுப்பு கொடுத்தவங்களுக்கு அரசு மரியாதை கொடுக்கறோம். பூ வெக்கறோம், பாராட்டறோம். ரொம்பச் சரி. ஆனா அவங்க கொடுத்த பொருளைப் பத்திரமா வெச்சுக்கறதும் மரியாதையில சேர்த்திதானே?

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து உட்கார்ந்து படிச்சவன். இதைப் படிச்சுட்டு மாத்திரையில கை வெக்காதீங்க, உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க. கேக்கறதுக்குத்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி 2: எதிர்ப்பு சக்திப் பொடி விக்கறவங்க திட்டறதா இருந்தாப் பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். டப்பாவை மட்டும் அனுப்பிடாதீங்க, வீட்டுல ஏற்கெனவே அலமாரி நிறைஞ்சு கிடக்கு.